நண்டு வளையும் இரண்டு பலகைகளும்

இரண்டு அரசுகள் தத்தமக்கே உரியதென்று வாதாடிய ஒரு மலையடிவாரத்தில், தும்பைக்குளம் என்றொரு சிற்றூர் இருந்தது. அவ்வூர்க் குளத்தங்கரையின் மேல் ஓர் அரசு நீல நிறத் தேக்குப் பலகையொன்றை நட்டது. மறுவாரமே மற்றோர் அரசு அதனருகில் பச்சைப் பலகையை நட்டது. "இவ்வூர் எமது ஆட்சிக்குட்பட்டது. எம் அனுமதியின்றி ஒரு பிடி மண்ணும் எடுக்கலாகாது" என்னும் ஒரே வாசகத்தை இரண்டும் மார்பில் தாங்கி நின்றன.

ஆண்டுதோறும் மழைக்கு முன், வீட்டுக்கு ஓராள் கூடையோடு வந்து கரைக்கு மண் போடுவது ஊர் வழக்கம். யாரிடம் அனுமதி கேட்பதென்று தெரியாமல் அவ்வாண்டு ஒருவரும் வரவில்லை. கரையில் குடியிருந்த நண்டுக்கு ஒரே கொண்டாட்டம். தன் வளையை ஆசைதீர அகலப்படுத்திக்கொண்டது.

மழை வந்தது. குளம் நிரம்பியது. வளை வழியே நீர் கசியலாயிற்று. கீழே கதிர் பிடித்த வயல்களும், அவற்றையடுத்து வீடுகளும் இருந்தன. நண்டே அஞ்சிவிட்டது.

"நீல அண்ணா, இந்தக் கரை யாருடையது?"

"இதிலென்ன ஐயம்? என்னுடையது."

"பச்சை அண்ணா?"

"அவன் புளுகன்! கரை முழுவதும் எனக்கே."

"மெத்த மகிழ்ச்சி. கரையில் ஓட்டை விழுந்திருக்கிறது. உடையவர் வந்து அடைக்கலாமே!"

நீலம் எட்டிப் பார்த்தது. "ஓட்டையா? அது பச்சையின் எல்லைக்குள் அல்லவா இருக்கிறது!"

"அபாண்டம்!" என்றது பச்சை. "ஆயினும் பெருந்தன்மையோடு அந்த ஒரு சாண் இடத்தை நீலத்துக்கே விட்டுக்கொடுக்கிறேன்."

"வேண்டாமப்பா, நீயே வைத்துக்கொள்!"

"நேற்றுவரை ஒரு புல்லுக்கு மல்லுக்கு நின்றவர்கள், இன்று நிலமே தானம் செய்கிறீர்களே!" என்று நண்டு கொடுக்கைத் தட்டிச் சிரித்தது.

அவ்வேளையில் மாராக்காள் மண்வெட்டியோடு ஓடிவந்தாள். குளத்து நீரை வயல்களுக்குப் பங்கிட ஊரார் கூடி அமர்த்திய நீர்க்கட்டி அவள்.

"வீட்டுக்கு ஓராள் வாங்க! கரை போகுது!"

ஊர் திரண்டது. சடையப்பன் மட்டும் கூடையை இறக்காமல் பலகைகளைப் பார்த்துத் தயங்கினான். "அனுமதி வாங்கலியே, அக்கா?"

"தண்ணி கேட்டுட்டா வருது? ஓட்டைய அடைக்கப் பலகைதான்டா வேணும். அந்த ரெண்டையும் பிடுங்கு!"

"நான் அரசின் சின்னம்!" என்று அலறியது நீலம். "நானுந்தான்!" என்றது பச்சை. அலறல் முடிவதற்குள் இரண்டும் குளத்தின் உட்புறத்தில், ஓட்டையின் மேல் தோளோடு தோளாகக் கிடந்தன. கூடை கூடையாக மண் விழுந்தது.

"சற்றுத் தள்ளிப் படு" என்றது நீலம், இருட்டுக்குள்.

"தள்ளினால் நடுவே தண்ணீர் புகும். நெருங்கி வா, தம்பி" என்றது பச்சை.

கசிவு நின்றது. நண்டு சிரித்துக்கொண்டே வேறிடம் தேடிப் போயிற்று.

மழை ஓய்ந்த பின், இரு அரசுகளின் அலுவலர்களும் ஒரே நாளில் வந்து சேர்ந்தார்கள்.

"எங்கள் பலகை எங்கே?" என்று இருவரும் ஒரே குரலில் அதட்டினார்கள்.

மாராக்காள் கரையைக் காலால் தட்டிக் காட்டினாள்.

"உள்ளதான் இருக்குதுங்க, ஐயா. ரெண்டும் இப்பத்தான் ஊரை ஆளத் தொடங்கியிருக்கு. கூப்பிட்டுக் கெடுத்துடாதீங்க."