இருநூற்றைம்பத்தாறு பல் சாவி

முன்னொரு காலத்தில் கொடுங்கால் நாட்டை வேலெழினி என்று ஒரு ராசா ஆண்டு வந்தார். நினைத்தால் முத்துமாலை தருவார், நினைத்தால் தலையை எடுப்பார்.

அவருடைய படை ரகசிய ஓலையெல்லாம் ஓர் இரும்பறையில் இருந்தது. அந்த அறைச் சாவிக்கு இருநூற்றைம்பத்தாறு பல். செய்ய வைத்தவர் சேனாதிராயர், சபையில் பெரிய வாய். சாவியை ஒரு பெட்டியில் வைத்து, ஐந்து எழுத்து வளையம் பூட்டியிருந்தார்கள். ராசாவின் ரகசியச் சொல் வரும்படி வளையங்களைத் திருப்பினால் பெட்டி திறக்கும்.

ஒருநாள் ஓலை எதிரி கைக்குப் போய்விட்டது.

"இந்தச் சாவியை எந்தக் கொல்லனும் நகல் எடுக்க முடியாது. காவலன் தொட்டியப்பன்தான் திருடன்" என்றார் சேனாதிராயர்.

உச்சிப் பொழுதுக்குள் அவன் தலையை வாங்கச் சொல்லிவிட்டார் ராசா. விசாரணையும் கிடையாது, ஒன்றும் கிடையாது.

அவன் பெண்டாட்டி செம்பாயி இடுப்பில் பிள்ளையோடு சபைக்குள் வந்தாள்.

"அந்தப் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லுங்க மகாராசா."

சேனாதிராயர் சிரித்தார். "சாவிக்கு எத்தனை பல் தெரியுமா உனக்கு?"

"நான் பல்லைக் கேக்கலை சாமி, பெட்டியைக் கேட்டேன்."

பெட்டி வந்தது. ம, ண, வா, ள, ன் என்று திருப்பினாள். திறந்துகொண்டது.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் ராசா.

"பட்டத்து யானை பேரு ஊர்ல யாருக்குத் தெரியாது? பெத்த பிள்ளையைக்கூட நீங்க இத்தனை தடவை கூப்பிட்டதில்லை. பல்லு ஆயிரம் இருக்கட்டும், சாவி கிடக்கிறது அஞ்சு எழுத்துக்குப் பின்னாலதானே? திருடன் பல்லை எண்ணலை, உங்க வாயைக் கவனிச்சான். அதுக்கு என் வீட்டுக்காரன் தலையா?"

சேனாதிராயர் குறுக்கே வந்தார். "மன்னா, இனி ஐந்நூற்றுப் பன்னிரண்டு பல் வைத்துவிடுவோம்."

"கேட்டீங்களா? இன்னமும் பல்லுதான்" என்றாள் செம்பாயி.

ராசா தலை குனிந்தார். தொட்டியப்பன் கட்டை அவிழ்க்கச் சொன்னார். சேனாதிராயர் கழுத்தில் கிடந்த முத்துமாலையை ராசாவே கழற்றி அவளிடம் கொடுத்தார். "புதுச் சொல் ஒன்று நீயே சொல்லம்மா."

"நான் சொன்னா நாளைக்கு என் கழுத்துக்குக் கத்தி வரும். அறைப் பூட்டை மாத்த வேண்டாம், பெட்டிச் சொல்லை மாத்துங்க. இருபது வளையம் பூட்டி, ஒண்ணோட ஒண்ணு ஒட்டாத நாலஞ்சு சொல்லாக் கோத்து வைங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க, யானைகிட்டயும்."

மாலையை வாங்கினாள். கும்பிடு போடவில்லை. புருசனை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ராசா புதுச் சொல் வைத்து, பெட்டியைச் சேனாதிராயர் மடியில் வைத்தார். "திறந்துவிட்டு எழுந்திரும்."

அவர் ஒவ்வோர் எழுத்தாகத் திருப்பினார். முடி நரைத்தது, வாயில் இருந்த பல்லெல்லாம் கொட்டியது. பெட்டி திறக்கவே இல்லை.