வேம்புலி மாமாவோட கோல்

காலை நீட்டிப் படு. மழைக்கு வெளிய போக முடியாது, மத்தியானத் தூக்கம் நல்லது. ம் சொல்லிக்கிட்டே வரணும், சரியா?

ஒரு ஊர்ல ஒரு மாமா இருந்தாரு. ஊர் மேல இருந்துச்சு, மாமா கீழ இருந்தாரு.

“கீழன்னா?”

மண்ணுக்கு அடியில. நிலக்கரிச் சுரங்கம். ரயிலேறி ரெண்டு நாள் வடக்க போகணும். அங்க முப்பத்தோரு வருஷம் கரி வெட்டினாரு. வேம்புலின்னு பேரு, எங்கம்மாவுக்கு அண்ணன். எனக்குக் காது குத்தினது அவர் மடியில வச்சுத்தான். நான் அழுதேனோ இல்லையோ, அவரு அழுதாராம். அப்படி ஒரு மனுசன்.

“ம்.”

சுரங்கத்துல ஆளுக்கு ஒரு கோல் உண்டு, நுனியில இரும்புப் பூண் போட்டது. உள்ள போனா மொதல்ல கூரையைத் தட்டிப் பார்ப்பாங்க. ணங்னு சத்தம் வந்தா கூரை கெட்டி. தொப்புனு வந்தா விழப்போகுது, ஓடிடணும். மாமா தட்டறதுக்கு ஒரு தினுசு இருக்கு. கூரையில ரெண்டு, தரையில ஒண்ணு. ணங், ணங், டக். வேலையை விட்டு ஊருக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகல. யார் வீட்டுக்குப் போனாலும் தட்டிப் பார்த்துட்டுத்தான் உக்காருவாரு. ஒரு கல்யாண வீட்டுல போய்ப் பந்தல்காலைத் தட்டிட்டு, “இது நிக்காது”ன்னுட்டாரு. பொண்ணோட அப்பாவுக்கு வந்துச்சே கோவம்!

“விழுந்துச்சா?”

விழுந்துச்சு. பாயசத்து மேல.

சிரிக்காத, தூக்கம் போயிரும். அப்புறம், சுரங்கத்துல இன்னொரு வழக்கம் இருக்கு. ஆளுக்கு ஒரு பித்தளை வில்லை, நம்பர் போட்டது. உள்ள போகும்போது வாசல் பலகையில மாட்டணும், மேல வந்ததும் எடுத்துடணும். பலகையில ஒரு வில்லை தொங்கினாலும் உள்ள ஆள் இருக்குன்னு அர்த்தம். அந்த வில்லையை எடுக்கற வரைக்கும் கூட வேலை செஞ்சவங்க யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது. தண்ணி இறைக்கிற மோட்டாரை நிறுத்தக் கூடாது. அவன் வில்லையை அவன் கைதான் தொடணும். கூடப்பொறந்தவன்கூடத் தொடக் கூடாது.

“ம்.”

மாமா கூட வேலை பார்த்தவன் பஞ்சாட்சரம்.

“மிட்டாய் குடுப்பாங்களே, அந்தத் தாத்தாவா?”

அவனேதான். அவன் குடுத்தா வாங்காத.

“நேத்து வாங்கிட்டேனே.”

...சரி. இனிமே வாங்காத.

ஒருநாள் வேலை முடிஞ்சு எல்லாரும் மேல வர்றாங்க. பாதி வழியில மாமாவுக்கு ஞாபகம் வருது, கோலை உள்ளயே விட்டுட்டோம்னு. எடுக்கத் திரும்பிப் போனாரு. அப்போ பஞ்சாட்சரம் வாசலுக்கு வந்து பலகையைப் பார்க்கறான். மாமா வில்லை தொங்குது. அவனுக்கு அன்னைக்குப் பொண்ணு பார்க்கப் போகணும், பஸ்ஸு நிக்குது. மாமா முன்னாடியே போயிருப்பாரு, மறதியில வில்லையை விட்டிருப்பாருன்னு அவனா ஒரு கணக்குப் போட்டுக்கிட்டான். தன் வில்லையையும் எடுத்தான், மாமா வில்லையையும் எடுத்தான். பலகை காலி. மோட்டாரை நிறுத்தினாங்க, ஆள் எல்லாம் போயிட்டாங்க.

“மாமா?”

மாமா உள்ள. கோலைத் தேடறாரு, வச்ச இடத்துல காணோம். அப்போ தொப்பியில இருந்த விளக்கு மினுக் மினுக்குன்னுச்சு, அணைஞ்சுது. அது மொதல் கஷ்டம். இருட்டுன்னா நம்ம வீட்டு இருட்டு இல்ல. கையை மூக்குக்கு நேரா வச்சாலும் தெரியாது. கண்ணை மூடினாலும் ஒண்ணுதான், தொறந்தாலும் ஒண்ணுதான்.

அப்புறம் ரெண்டாவது கஷ்டம், தண்ணி. சளக்... சளக்... மோட்டார் நின்னா ஊறிக்கிட்டே வரும். கணுக்கால், முட்டி, இடுப்பு. எந்தப் பக்கம் வாசல்னு தெரியல. கூரையைத் தட்டிப் பார்க்கக் கையில கோல் இல்ல. நகர்ந்தா தலையில விழுந்துருமோன்னு அப்படியே நிக்கறாரு.

அப்போ கேட்டுச்சு.

ணங்... ணங்... டக்.

“யாரு?”

மாமாவும் அதைத்தான் கேட்டாரு. இடது பக்கம் கொஞ்ச தூரத்துல திரும்பவும் ணங், ணங், டக். ணங்னா கூரை நல்லா இருக்குல்ல? அந்தச் சத்தம் வந்த பக்கமே நடந்தாரு. இவர் நடந்தா அது முன்னால போகுது, இவர் நின்னா அது நிக்குது. நம்மள மாதிரியே தட்டறானே, யாருடா இவன்னு நெனச்சாராம்.

அப்புறம்தான் மூணாவது கஷ்டம். திடீர்னு அந்தச் சத்தம் நின்னுபோச்சு.

ம் சொல்லு.

“...ம்.”

தண்ணி நெஞ்சுக்கு வந்துடுச்சு. சில்லுனு. பல்லு கடகடன்னு அடிக்குது. சத்தமே இல்ல. இனிமே ஆகாதுன்னு கண்ணை மூடிட்டாரு. எவ்வளவு நேரம்னு அவருக்கே தெரியாது. அப்புறம், பக்கத்துலயே, காதுகிட்டயே, ணங்! ணங்! டக்!

அதைப் பிடிச்சுக்கிட்டே வந்தாரு. வெளிச்சம் தெரிஞ்சுது. வாசல்ல ஒரு ஆளும் இல்ல. ஆனா சுவர்ல ஒரு கோல் சாஞ்சு நின்னுச்சு. உள்ள தேடிக் கிடைக்காத கோலு, அவரோடதேதான். சொட்டுச் சொட்டா தண்ணி வடிஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

மறுநாள் பஞ்சாட்சரம்கிட்ட சொன்னாரு. அவன், “பயத்துல உன் காது அடைச்சிருக்கும்யா”ன்னு சிரிச்சான். வில்லையை எடுத்தவன் சிரிக்கறான் பாரு! மாமா கோவிச்சுக்கவே இல்ல. அவன் கல்யாணத்துக்குப் போய்ப் பந்தி பரிமாறினாரு. அது அவர் குணம். எனக்கு அந்தக் குணம் வரல.

“அப்புறம்?”

அப்புறம் வயசாச்சு, ஊருக்கு வந்தாரு. அந்தக் கோலையும் கொண்டாந்தாரு. பதினொரு வருஷம் முன்னால, இதே மாதிரி ஒரு மழைநாளு மத்தியானம், கடைசியாப் படுத்துட்டாரு. மூச்சு இழுக்குது. நான் பக்கத்துல உக்காந்திருக்கேன். கண்ணு மூடியிருக்கு, கை மட்டும் கோலை விடல. சுவர்ல ரெண்டு தட்டு, தரையில ஒண்ணு.

“இடது பக்கம் வாடா... அங்க போகாத, பள்ளம்”னு முணுமுணுக்கறாரு.

“யாரைக் கூப்பிடறீங்க மாமா?”ன்னேன்.

“உள்ள ஒருத்தன் நிக்கறான். விளக்கு போயிடுச்சு. அவன் வில்லையை எடுத்துட்டாங்க, யாரும் வரமாட்டாங்க. நான்தான் கூட்டிட்டு வரணும். என் மூச்சு அதுவரைக்கும் தாங்கணும்”னாரு.



அப்போ வந்தான் பஞ்சாட்சரம். பார்த்தான், “இன்னுமா தட்டறான்? உசுரு நிம்மதியாப் போகட்டும்”னு கையில இருந்த கோலைப் பிடுங்கி மூலையில வச்சுட்டான்.

மாமா நடுங்க ஆரம்பிச்சாரு. பல்லு கடகடன்னு அடிக்குது. தொட்டுப் பார்க்கறேன், காலு சில்லுனு இருக்கு. வேட்டி நனைஞ்சிருக்கு. பார்க்கப் பார்க்க ஈரம் மேல ஏறுது, இடுப்பு, வயிறு, நெஞ்சு. கூரை ஒழுகல கண்ணு, நான் பார்த்தேன். வீடெல்லாம் கரித்தண்ணி வாடை.

அப்போதான் எனக்குப் புரிஞ்சுது, அன்னைக்குச் சுரங்கத்துல அந்தச் சத்தம் ஏன் நின்னுச்சுன்னு.

ஒரே எட்டு. கோலை எடுத்து மாமா கையில வச்சு, என் கையால அவர் விரலை மடக்கினேன்.

“உனக்கென்ன பைத்தியமாடா?”ன்னான் பஞ்சாட்சரம்.

“ரெண்டாவது தடவையும் விட்டுட்டுப் போகச் சொல்றியா? போய்யா வெளிய!”ன்னேன். போயிட்டான். அதோட அவன்கூடப் பேச்சு இல்ல.

மாமா தட்டினாரு. ணங்! ணங்! டக்! மண்சுவரு தாயி அது. மண்சுவத்துல தட்டினா ணங்னு கேக்குமா? கேட்டுச்சு. அப்படியே வேகம் குறைஞ்சு குறைஞ்சு வந்துச்சு. கடைசியில கோலைத் தானா விட்டாரு.

“வெளிச்சம் தெரியுதுன்னு சொல்றான். மேல போயிட்டான்”னாரு. சிரிச்சாரு. அவ்வளவுதான்.

கோலை எடுத்துச் சுவர்ல சாத்தினேன். சொட்டுச் சொட்டா வடிஞ்சுது.

கதை மேல வந்துடுச்சு, இனி உன் கண்ணு கீழ போகட்டும்.

“தாத்தா...”

ம்?

“தட்டாத தாத்தா. தூக்கம் வருது.”

நான் எங்க தட்டறேன்? என் கை ரெண்டும் உன் தலைமேலதானே இருக்கு.

...பயப்படாத. காது குடுத்துக் கேளு. ணங்னுதானே கேக்குது? நம்ம கூரை கெட்டியா இருக்காம். தூங்கு.