நெடுங்குரல்

நெடுவரை மலைநாட்டில் கணவாய்களைக் காக்கும் குடும்பங்கள் சில இருந்தன. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வாள். ஒவ்வொரு வாளுக்கும் ஒரு பெயர்.

மேற்குக் கணவாய்க் குடும்பத்து வாளின் பெயர் நெடுங்குரல். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர் அதன் பிடியைப் பற்றினால், முன்பு அதை ஏந்தி இறந்துபோனவர்களின் குரல் கேட்கும். தங்கள் கடைசி நாட்களில், வாள் கையில் இருந்தபோது அவர்கள் பேசியது மட்டும்தான் கேட்கும். வெளியார் பிடித்தால் அது வெறும் இரும்பு.

அந்தக் குடும்பத்தில் மிஞ்சியவள் மாதினி. நாற்பதைத் தாண்டியவள். காவல் கோபுரத்தில் தனியாக இருந்தாள். தினமும் சாயங்காலம் கோபுரத்துப் படியில் உட்கார்ந்து, வாளை மடியில் கிடத்தி, பிடியைப் பற்றுவாள்.

"வாசல் சாத்தியாச்சா?" என்று அப்பா கேட்பார்.

"சாத்தியாச்சு அப்பா" என்பாள்.

"காத்து மாறுது. கம்பளி எடுத்துக்கோ."

"எடுத்துக்கிட்டேன்."

பிறகு ஓர் இருமல். பிறகு ஏதோ பாட்டின் முதல் அடியை முனகுவார். இரண்டாம் அடி வராது. அவர் இறந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. ஒருநாளும் புதிதாக எதுவும் சொன்னதில்லை. அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

அந்தக் குளிர்காலத்தில் பனிநரி வந்தது.

கன்றுக்குட்டி உயரம் இருக்கும். உடம்பு மூடுபனி போல. ஈட்டி எறிந்தால் புகைக்குள் போவது போல மறுபக்கம் போய் விழும். அது யார்மேல் மூச்சு விடுகிறதோ அவர் நின்ற இடத்திலேயே உறைந்து செத்துப்போவார். குரல் உள்ள வாளால் மட்டுமே அதை வெட்ட முடியும்.

அதற்கு ஒரு விலை இருந்தது. பனிநரியின் மேல் ஒரு வெட்டு விழுந்தால் வாளிலிருந்து ஒரு குரல் போய்விடும். கடைசியாக வந்து சேர்ந்த குரல்தான் முதலில் போகும். மலைநாட்டில் எல்லோருக்கும் இது தெரியும்.

முதலில் ஆடுகள் உறைந்தன. ஆடு மேய்க்கும் கீதாரிகள் கோபுரத்துக்கு ஏறி வந்து கூப்பிட்டார்கள். "நாளைக்கு வரேன்" என்றாள் மாதினி. மறுநாளும் அதையே சொன்னாள். பிறகு ஒரு காலையில், பிடவி என்ற கீதாரிப் பெண்ணின் கணவன் ஆட்டுப்பட்டி வாசலில் உறைந்து நிற்பதைக் கண்டார்கள். அவன் கை பட்டிக் கதவின் மேல் இருந்தது.

அன்று மாதினி வாளை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஆனால் பட்டிக்குப் போகவில்லை. மலையிறங்கி, ஆசான் ஆதனைத் தேடிப் போனாள்.

ஆதன் முன்பு கிழக்குக் கணவாயைக் காத்தவர். இப்போது அடிவாரத்து ஊரில் வாள்வித்தை கற்றுக்கொடுத்து வந்தார். மாதினியைவிட வயதில் இளையவர். அவளை அக்கா என்பார். அவள் அவரை ஆசான் என்பாள்.

அவர் முற்றத்தில் ஓர் ஆட்டைக் கால் இடுக்கில் வைத்துக் குளம்பு சீவிக்கொண்டிருந்தார்.

"ஒரு வித்தை கத்துக்க வந்தேன் ஆசானே."

"சொல்லுங்க அக்கா."

"குரல் போகாம வெட்டற வித்தை."

ஆதன் ஆட்டை விட்டுவிட்டார். அது உதறிக்கொண்டு ஓடியது.

"அப்படி ஒண்ணு இருந்தா நான் கத்துக்கிட்டிருக்க மாட்டேனா?"

அவர் வீட்டுச் சுவரில் ஒரு வாள் தொங்கியது. கிழக்குக் கணவாயில் பனிநரிகள் அதிகம். அந்த வாளில் ஒரு குரல்கூட மீதி இல்லை.

"அதுல முதல்ல போனது யாரு?" என்று கேட்டாள் மாதினி.

"என் அண்ணன்."

"அவர் குரல் இப்ப ஞாபகம் இருக்கா?"

ஆதன் யோசித்துப் பார்த்தார். பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

"காதுல வரமாட்டேங்குது அக்கா."

மாதினி உட்கார்ந்துவிட்டாள். வாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

அப்போது வேலிப்படலைத் தள்ளிக்கொண்டு பிடவி வந்தாள். மாதினி மலையிறங்குவதைப் பார்த்துப் பின்னாலேயே வந்திருக்கிறாள். மூச்சு வாங்கியது.

"மாதினியம்மா, நீங்க எங்க போறீங்கன்னு பார்க்கத்தான் வந்தேன்."

மாதினி தலை நிமிரவில்லை.

"என் வீட்டுக்காரரை இன்னும் படுக்கவைக்க முடியலை. நின்ன மாதிரியே இருக்காரு. உருகட்டும்னு நெருப்பு மூட்டி உட்கார்ந்திருக்கோம்."

"பிடவி..."

"நீங்க உங்க அப்பாகூடப் பேசுங்கம்மா. நல்லாப் பேசுங்க. எங்க வீட்டுல பேசறதுக்குத்தான் ஆளில்லை."

அவள் அழவில்லை. வந்த வழியே திரும்பிப் போனாள்.

"அவ சொல்றது நியாயம்" என்றாள் மாதினி. "எனக்குத் தெரியாம இல்லை. தினமும் காலையில போயிடணும்னுதான் எழுந்திருக்கறேன். சாயங்காலம் பிடியைத் தொட்டதும் அப்பா வாசல் சாத்தியாச்சான்னு கேக்கறாரு. அவரை எப்படி வெட்டிப் போடுவேன்?"

ஆதன் அவள் எதிரே குந்தினார்.

"இப்ப பிடிங்க. யார் யார் பேசறாங்கன்னு வரிசையா எனக்குச் சொல்லுங்க."

மாதினி பிடியைப் பற்றிக் கண்ணை மூடினாள்.

"அப்பா."

"அப்புறம்?"

"கொள்ளுப்பாட்டி. கழுதையைத் திட்டறாங்க."

"அப்புறம்?"

"அவங்களோட மாமன். ஏதோ கணக்காப் பேசறாரு, புரியாது. அவருக்குப் பின்னாடி..."

"இருங்க. உங்க அப்பாவுக்கு முன்னாடி வாளை வெச்சிருந்தது யாரு?"

"தாத்தா."

"அவர் பேசமாட்டாரா?"

"தாத்தாவா? வாய் ஓயாதுன்னு சொல்வாங்க. கழுகு பறந்தாக்கூட அதுகிட்ட ஒரு கதை..."

மாதினி நிறுத்திக்கொண்டாள். கண்ணைத் திறந்தாள்.

சில குரல்கள் இரும்பில் ஒட்டாது போலிருக்கிறது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். அதற்குமேல் யோசித்ததில்லை.

"நான் சின்னவளா இருக்கறப்ப அப்பாவும் அந்தப் படியிலதான் உட்காருவாரு" என்றாள் மெதுவாக. "இதே மாதிரி வாளை மடியில வெச்சுக்கிட்டு. திடீர்னு சிரிப்பாரு. யாரோட சிரிக்கறீங்கன்னு கேட்டா, உன் தாத்தா ஒரு கதை சொல்றாரும்பாரு. நானும் பிடியில காதை வெச்சுப் பார்ப்பேன். உன் கை வளரட்டும், அப்புறம் கேக்கலாம்னு சொல்லிச் சிரிப்பாரு. அந்தப் படி வெயில் காஞ்சு வெதுவெதுன்னு இருக்கும். அவர் சட்டையில வாளுக்குப் போடற எண்ணெய் வாசனை வரும். நான் அப்படியே அவர்மேல சாஞ்சு தூங்கிடுவேன்."

"அப்புறம்?"

"ஒரு குளிர்காலத்துல எனக்குக் காய்ச்சல். கோபுரத்துல கீழ் அறையில படுத்திருந்தேன். வாசலைச் சாத்த யாரோ மறந்துட்டாங்க. உள்ளே ஒரே வெள்ளையா இருந்துச்சு. கனவுன்னு நினைச்சேன். அப்பா வாளோட படியில இறங்கி ஓடிவந்தது மட்டும் ஞாபகம் இருக்கு."

அவள் கட்டைவிரல் பிடியைத் தடவிக்கொண்டிருந்தது.

"அதுக்கப்புறம் அவர் அந்தப் படியில உட்காரவே இல்லை. வாளை ஆணியில மாட்டிடுவாரு. ரோந்துக்கு மட்டும் எடுப்பாரு. அவருக்கு வாள் மேல வெறுப்பு வந்துடுச்சுன்னு நினைச்சேன்."

அவள் பிடியிலிருந்து கையை எடுத்தாள்.

"தாத்தா போனதை எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே ஆசானே. சாகறவரைக்கும் சொல்லலையே."

ஆடு திரும்பி வந்து ஆதனின் முழங்காலை முட்டியது. அதைத் தள்ளிவிட்டு அவர் எழுந்தார். உள்ளே போய் இரண்டு கம்புகள் கொண்டுவந்தார். ஒன்றை அவளிடம் நீட்டினார்.

"குரல் போகாம வெட்டற வித்தை என்கிட்ட இல்லை. ஒரே வெட்டுல முடிக்கற வித்தை இருக்கு. ரெண்டாவது வெட்டு விழுந்தா உங்க கொள்ளுப்பாட்டியும் போயிடுவாங்க. எழுந்திருங்க."

அவள் எழுந்தாள்.

"அது மூச்சு விடறதுக்கு முன்னாடி மூச்சை இழுக்கும். அப்பத்தான் அதோட உடம்பு கெட்டியாகும். கழுத்து தெரியும். அதுவரைக்கும் பொறுக்கணும். பயந்து முந்திட்டா வெறும் மேல்தோல்தான் கிழியும். குரலும் போகும், நரியும் நிக்கும்."

வெயில் சாயும்வரை அவளைப் பயிற்சி செய்ய வைத்தார். எத்தனையோ தடவை அவள் முந்தினாள். ஒவ்வொரு தடவையும் அவர் "போயிட்டாங்க" என்று மட்டும் சொல்லிக் கம்பைத் தாழ்த்தினார்.

மறுநாள் சாயங்காலம் பட்டியருகே மாதினி நின்றாள். ஆதனும் வந்திருந்தார். அவரால் அங்கே ஒன்றும் செய்ய முடியாது. இருந்தாலும் வந்தார். பிடவி ஆடுகளை உள்ளே அடைத்து, கதவோடு கதவாக நின்றாள்.

மலைச்சரிவு வெளுத்துக்கொண்டு வந்தது. ஆடுகள் கத்துவதை நிறுத்தின.

மாதினி வாளை உருவினாள்.

"வாசல் சாத்தியாச்சா?" என்றார் அப்பா.

அவள் திரும்பிப் பட்டிக் கதவைப் பார்த்தாள்.

"சாத்தியாச்சு அப்பா."

வெள்ளை நகர்ந்து வந்தது. அதற்கு மெல்ல மெல்லக் கால்கள் தெரிந்தன. நின்றது. பிடவி ஏதோ முணுமுணுத்துக்கொண்டு கதவை இறுக்கிப் பிடித்தாள்.

"காத்து மாறுது. கம்பளி எடுத்துக்கோ."

மாதினி இரு கையாலும் பிடியை இறுக்கினாள். இருமல் கேட்டது. இனி பாட்டு வரும் என்று அவளுக்குத் தெரியும். பனிநரி தலையை உயர்த்தி மூச்சை இழுத்தது. அதன் உடம்பு பால் உறைவது போல இறுகியது. கழுத்து தெரிந்தது.

அப்பா பாட்டைத் தொடங்கினார்.

அந்த ஓர் அடி முடியட்டும் என்று அவள் மனம் கெஞ்சியது. கை கேட்கவில்லை. வெட்டிவிட்டாள்.

பாட்டு பாதிச் சொல்லில் நின்றது.

பனிநரி விழுந்த இடத்தில் ஒரு குவியல் பனி மட்டும் கிடந்தது. ஆடுகள் ஒன்றொன்றாகக் கத்தத் தொடங்கின. பிடவி மெல்ல வந்து மாதினியின் கையிலிருந்த வாளை வாங்கி, தன் முந்தானையால் துடைத்து, உறையில் போட்டுக் கொடுத்தாள். பிறகு பிடவி, "வாங்க, நெருப்பு இருக்கு" என்றாள். மாதினி அவளோடு போனாள். உறைந்து நின்ற மனிதனுக்குப் பக்கத்தில், விடியும்வரை அந்த நெருப்புக்கு விறகு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலையில் அவனைப் படுக்கவைக்க முடிந்தது. தோள் கொடுத்தவர்களில் அவளும் ஒருத்தி.

குளிர் முடியும் நேரத்தில் மாதினி மறுபடி ஆசான் வீட்டுக்கு வந்தாள். முகம் வாடியிருந்தது. வாளைத் தரையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"பிடிச்சுப் பார்த்தேன். கொள்ளுப்பாட்டி கழுதையைத் திட்டறாங்க. அப்பா இல்லை."

ஆதன் தலையசைத்தார்.

"சாயங்காலம் வந்தா கை எங்கே போறதுன்னு தெரியலை. வாசலைச் சாத்திட்டு, யார்கிட்டயாவது சொல்லணும் போல இருக்கு."

"ம்."

"செஞ்சதுக்கு வருத்தம் இல்லை ஆசானே. பிடவி தினமும் பால் கொண்டுவந்து வெச்சுட்டுப் போறா. ஆனா அவர் பேசினதுன்னு என்கிட்ட இருந்தது அந்த ரெண்டு மூணு வார்த்தைதான். அதையும் கொடுத்துட்டேன். இனி அப்பான்னு சொல்லிக்க என்கிட்ட என்ன இருக்கு?"

ஆதன் தரையில் கிடந்த வாளைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"வாள் கையில இல்லாத நேரத்துல உங்க அப்பா என்ன பேசுவாரு அக்கா?"

மாதினி பதில் சொல்ல வாயெடுத்தாள். ஓட்டிலிருந்து பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் எதையோ வெகு தூரத்தில் தேடுவது போல முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவருக்கு மீன்ல முள் எடுக்கத் தெரியாது" என்றாள் கடைசியில். "அம்மாதான் எடுத்துக் கொடுக்கணும். ஒவ்வொரு தடவையும் தட்டைத் தள்ளி வெச்சுட்டு..."

அவள் தன் குரலைத் தாழ்த்தி, கொஞ்சம் இழுத்து, சலிப்போடு சொன்னாள்:

"'இத்துனூண்டு மீனுக்கு எதுக்குடி இத்தனை எலும்பு? அது என்ன மலையா ஏறப் போகுது?'"