ஐந்நூறு லிட்டர் தண்ணீர்

தென்காசி விடுதி முதலாளி பரமானந்தம், ஜீப்பின் பின்னால் இழுத்துப் போக ஒரு சக்கர வீடு செய்து வாங்கினார். படுக்கை, அடுப்படி, குளியலறை எல்லாம் இருந்தன. ஆனால் சாலையில் வாலாட்டியது; டீசலையும் குடித்துத் தீர்த்தது. அதை வரைந்து கொடுத்த பொறியாளர் கிருபாகரன், பழியை ஓட்டுநர் மாசானத்தின்மேல் போட்டார்.

"இவனுக்குக் கை நடுங்குது. டீசலும் திருடுறான். ஆளை மாத்துங்க."

"நாளைக்கு ஆடாம ஓட்டிக் காட்டு. இல்லன்னா சாவியக் குடுத்துட்டுப் போயிரு," என்றார் முதலாளி.

"சரிங்கய்யா. இஞ்சினியர் சார் சக்கர வீட்டுக்குள்ள உக்காந்து வரட்டும்."

மறுநாள் சங்கரன்கோவில் வரை வண்டி அசையவில்லை. கிருபாகரன் இறங்கி, ஜீப்பிலிருந்த முதலாளியிடம் வந்தார்.

"பாத்தீங்களா? என் வண்டியில ஒரு குறையும் இல்ல."

"இல்ல சார்," என்றான் மாசானம். "தண்ணித் தொட்டிதான் காலி. நிரப்பிக்கிடுதேன்."

வீட்டின் பின்கோடியில், குளியலறைக்கு அடியில் இருந்த தொட்டியில் ஐந்நூறு லிட்டர் ஏறியது.

திரும்பும்போதும் கிருபாகரன் வீட்டுக்குள்தான் இருந்தார். வேகம் நாற்பதைத் தொட்டதும் வீடு நெளிந்தது. முதலாளியின் கைப்பேசி அடித்தது. "நிறுத்தச் சொல்லுங்க," என்றது பொறியாளரின் குரல்.

மாசானம் ஓரங்கட்டினான். "போகும்போதும் இதே கைதான்யா. பாரம் பின்னால ஏறினா வால் ஆடுது. ஒவ்வொரு தடவையும் வேகத்தைக் குறைச்சு, திரும்ப முடுக்கணும். டீசல் அங்கதான் போகுது."

முதலாளி சாவியைக் கேட்கவில்லை. "தொட்டிய எங்க வைக்கலாம்?" என்று அவனைத்தான் கேட்டார்.

"சக்கரத்துக்குக் கொஞ்சம் முன்னால வைங்கய்யா."

கிருபாகரன் தென்காசிக்குப் பேருந்தில் வந்து சேர்ந்தார்.