அன்னமுத்து ஏற்றாத சீலை

அந்தக் காலத்தில் காற்றுக்கும் வாய் இருந்தது, நண்டுக்கும் நாக்கு இருந்தது. எங்கள் தீவில் மலையும் இல்லை, ஆறும் இல்லை. கீழே சுண்ணாம்புக் கல், மேலே வானம், நடுவில் இரண்டு காற்றுகள். மூத்தவள் வாடை, வடகிழக்கிலிருந்து மழையை இடுப்பில் சுமந்து வருபவள். இளையவள் சோளகம், தென்மேற்கிலிருந்து வெறுங்கையோடு ஓடி வருபவள். ஆண்டு முழுவதும் இருவரும் தீவிலேயே இருந்தார்கள். அக்கா நனைத்ததைத் தங்கை உலர்த்துவாள். தங்கை உலர்த்தியதை அக்கா மறுபடி நனைப்பாள். ஒரே பனையில் ஒரு பக்கத்து ஓலை சொட்டும், மறுபக்கத்து ஓலை சலசலக்கும். அவர்களுடைய சிரிப்புச் சத்தத்தில்தான் தீவு உறங்கி எழுந்தது.

ஒரு சித்திரையில் கணவதி என்ற மீனவனின் தோணி தென்மேற்குக் கடலில் அகப்பட்டுக்கொண்டது. தங்கை கரைக்குத் தள்ளினாள். அக்கா கடலுக்குத் தள்ளினாள். பாய் இப்படியும் அப்படியும் அடித்துக்கொள்ள, தோணி மூன்று நாள் நின்ற இடத்திலேயே சுழன்றது. அவன் மனைவி அன்னமுத்து மணலில் நின்று காற்றுகளை ஏசினாள்.

“உங்களுக்கு விளையாட்டு. அங்க பாய் கிழிஞ்சா எனக்கு ஆள் இல்லை.”

“நாங்கள் என்ன செய்யிறது பிள்ளை?” என்றாள் வாடை. “பிறந்த நாள் தொட்டு ஒண்டாத்தானே வீசுறம்.”

“எங்கட கரையைப் பாருங்கோ. ஒரு துறையில ரெண்டு வலை வளைக்கிறேல்லை. ஒரு வலை இழுத்து முடியுமட்டும் மற்றவை தள்ளி இருப்பினம். முடிஞ்சதும் கம்பத்தில சீலை ஏத்துவம். அதைக் கண்டு மற்ற ஆக்கள் வருவினம், முந்தின ஆக்கள் கயித்தைச் சுருட்டிக்கொண்டு போவினம். முதல் வலைக்கு எவ்வளவு நேரமோ, மற்ற வலைக்கும் அவ்வளவு நேரம் தனிய உண்டு.”

“அக்கா, எங்களை வலைக்காரராக்கிப் போட்டாள்!” என்று சோளகம் சிரித்தாள்.

வாடை சிரிக்கவில்லை. தூரத்துப் பாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரி. அவன் கரை ஏறுமட்டும் நான் தள்ளி நிக்கிறன். அரை நாள்தானே. ஏறினதும் சீலையைக் காட்டு பிள்ளை. இவளுக்குத் தனிய இருந்து பழக்கமில்லை.”

வாடை அடிவானத்துக்கு அப்பால் போனாள். சோளகம் ஒரே மூச்சில் தோணியைக் கரை சேர்த்தாள். கணவதி இறங்கினான். தோணி நிறைய மீன்.

அன்னமுத்து அழுதாள், சிரித்தாள், மீனைக் கீறி உப்பிட்டு மணலில் பரப்பினாள். பிறகு சீலையோடு கம்பத்தடிக்குப் போனாள். திரும்பிப் பார்த்தாள். மணல் முழுவதும் ஈரமாக மினுங்கும் மீன். வாடை வந்தால் மழை வரும்.

“இது காயட்டும்,” என்றாள். “நாளைக்கு ஏத்துவம்.”

நாளைக்கு வேறு மீன் வந்தது. வைகாசி போனது, ஆனி போனது. அப்படியொரு கருவாடு அந்தக் கரை கண்டதில்லை. சோளகம் மட்டும் நனைக்க ஆளில்லாத தீவில் புழுதியை அள்ளி அள்ளி வீசிக்கொண்டு, பனைகளிடம் அக்காவைக் கேட்டபடி அலைந்தாள்.

ஆவணியில் ஒரு நண்டு வந்து வாசலில் நின்றது.

“அன்னமுத்தக்கா, இன்னும் காயேல்லையோ? நானே கருவாடாகப் போறன்.”

“நாளைக்கு.”

“உன்ர நாளைக்கு எவ்வளவு நீளம், அக்கா!”

ஐப்பசி பிறந்த அன்று கணவதி கிணற்றில் அள்ளிய தண்ணீரை ஒரு வாய் குடித்துத் துப்பினான். தீவில் மிஞ்சியிருந்த ஒரே நல்ல தண்ணீர்க் கிணறு அது.

“கடலை அள்ளி இதுக்குள்ள ஊத்தினது ஆர்?”

அன்னமுத்து பெட்டியைத் திறந்து சீலையை எடுத்தாள். அது மடிப்புக் கலையாமல் இருந்தது.

சீலை கம்பத்தில் ஏறியதும் தீவு மூச்சை அடக்கியது. ஓர் ஓலை அசையவில்லை. அடிவானத்திலிருந்து வாடை வந்தாள். கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டபடி சோளகம் எதிரே நடந்தாள்.

“ஏனடி என்னைக் கூப்பிடேல்லை?”

“சீலை என்னட்டயோ இருந்தது, அக்கா?”

இருவரும் கட்டிப்பிடித்துக் குமுறிய குமுறலில் வானம் இடித்தது. அன்னமுத்து மணலில் விழுந்தாள்.

“ரெண்டு பேரும் இருங்கோ தாயே! நான் பிழை விட்டிட்டன்.”

“முதல் வலைக்கு ஆறு மாசம் எடுத்திட்டாய்,” என்றாள் வாடை. “மற்ற வலைக்கும் ஆறு மாசம். உன்ர கரை வழக்கம்தானே, பிள்ளை.”

“போயிட்டு வாறன் அக்கா,” என்றாள் சோளகம்.

அவள் முதுகு மறையும்வரை பார்த்து நின்றுவிட்டுத்தான் வாடை ஆறு மாத மழையையும் இறக்கினாள். கிணறு இனித்தது. கருவாடெல்லாம் கரைந்து கடலுக்குப் போனது. அன்னமுத்து ஒன்றைக்கூட அள்ளவில்லை.

அன்று முதல்தான் எங்கள் தீவில் சோளகம் பாதி ஆண்டும் வாடை பாதி ஆண்டும் தனித்தனியே வீசுகின்றன. முறை மாறும் சித்திரையிலும் ஐப்பசியிலும் சில நாட்கள் ஓலை அசையாமல் புழுங்கும். பின்னேரம் இடித்து ஒரு மழை கொட்டும். அந்த மழைக்கு மட்டும் எங்கள் கரைப் பெண்கள் யாரும் காயப்போட்ட கருவாட்டை அள்ள ஓடுவதில்லை. நனையட்டும் என்று விட்டுவிடுகிறார்கள், எதிர்ப்பட்ட அக்காவும் தங்கையும் கதைத்து முடிக்கும்வரை.