கோழி சொன்ன சரி

இந்தக் கதையைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். போனைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும் என்று யாராவது கேட்கலாம். போனை முதலில் செய்தது நண்டா, மைனாவா என்பதில்கூட எனக்குக் குழப்பம் உண்டு. ஆனால் கோழிக்குஞ்சுக்கு நடந்தது நிச்சயம். அதை மட்டும் மாற்றாமல் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் காலத்தில் மனிதர்களிடம் போன் கிடையாது. பேசத் தெரிந்த பறவைகளும் பிராணிகளும்தான் வைத்திருந்தன. செய்து விற்றவர்கள் இரண்டே பேர். வாய்க்கால் கரையில் நண்டு, புங்கமரத்தில் மைனா.

நண்டு செய்த போன் அதன் ஓட்டைப் போலவே கெட்டி. பனை உச்சியிலிருந்து விழுந்தாலும் கீறல் விழாது. ஆனால் உள்ளே புத்தி மட்டு. காய்ந்த மட்டை விழுந்தால்கூட "பருந்து, பருந்து" என்று கத்தி ஊரைக் கூட்டும்.

மைனாவின் போன் மெலிசு. மழைக்காலம் ஒன்று போனால் மந்தமாகிவிடும், புதிது வாங்கவேண்டும். மழைக்கு முன்னால் ஓடியது பின்னால் ஏன் படுத்துக்கொள்கிறது என்று யாரும் கேட்கவில்லை. அது அத்தனை சூட்டிகை. தரையில் விழும் நிழலைப் பார்த்தே பருந்தா, கொக்கா என்று சொல்லிவிடும்.

செம்பி என்ற கோழிக்கு வேண்டியது அது ஒன்றுதான். போன தடவை பொரித்த குஞ்சுகளில் ஒன்றைக்கூடப் பருந்து விட்டுவைக்கவில்லை. இந்தத் தடவை ஒன்றையும் பறிகொடுப்பதில்லை என்று அது மைனாவிடம் போனது.

"தம்பி, பருந்து வந்தா உன் போன் ஒழுங்காக் காட்டிக்கொடுக்குமா?"

"காட்டிக்கொடுக்கும் அக்கா. அதுக்குத்தானே அதைச் செஞ்சிருக்கேன்" என்றது மைனா.

வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில் நண்டு கூப்பிட்டது.

"தங்கச்சி, கொஞ்சம் நில்லு. பருந்தோட இறக்கை வீச்சு வரைக்கும் அந்தப் போனுக்குத் தெரியுதே, அதை யாருகிட்டப் படிச்சதுன்னு கேட்டியா?"

"உங்க போனுக்கு மட்டைக்கும் பருந்துக்கும் வித்தியாசம் தெரியலையே. பொறாமையில பேசாதீங்க அண்ணே."

"பொறாமை என்ன பொறாமை? அதைத் திருப்பிக் கொடுத்துட்டு என்னோடதை வாங்கிக்கோ. கல்லு மாதிரி இருக்கும்."

செம்பி சிரித்துவிட்டது. "சுத்திச் சுத்திக் கடைசியில உங்க கடைக்கே வந்துட்டீங்க பாருங்க!"

நண்டு சொன்னது உண்மை. நண்டை ஜெயிக்கவேண்டும் என்ற வெறியில் மைனா பருந்திடமே போய்ப் பாடம் படித்திருந்தது. பருந்து சும்மா சொல்லிக்கொடுக்குமா? ஆனால் போட்டிக்காரன் வாயிலிருந்து வந்த உண்மை என்பதால் அது எடுபடவில்லை.

கொஞ்ச நாள் போன் நன்றாகவே காவல் காத்தது. ஒருநாள் செம்பி கறையான் புற்றைக் கிளறிக்கொண்டிருந்தது. குஞ்சுகள் பசியில் காலைச் சுற்றிக் கத்தின. அந்த நேரம் பார்த்துப் போன் கேட்டது.

"குஞ்சுகளை எங்கே ஒளித்து வைப்பீர்கள் என்று தெரிந்தால் இன்னும் நன்றாகக் காப்பேன். தெரிந்துகொள்ளலாமா?"

செம்பி புற்றைக் கிளறிக்கொண்டே இருந்தது. போன் மறுபடி கேட்டது. அதற்குப் பிறகும் கேட்டது. பதில் வராமல் வானத்தைப் பார்க்காது போலிருந்தது. வாயில் கறையானை வைத்துக்கொண்டே செம்பி, "சரி, சரி, பார்த்துக்கோ போ" என்றது.

அவ்வளவுதான்.

அடுத்த நாள் போன் "வானம் தெளிவாக இருக்கிறது" என்றது. செம்பி தண்ணீர் குடிக்கக் குனிந்தது. பருந்து வட்டமடிக்கவில்லை, தேடவில்லை. குஞ்சுகள் ஒளிந்திருந்த ஆவாரம் புதருக்குள் நேராக இறங்கிக் கடைக்குட்டியைக் கவ்விக்கொண்டு போய்விட்டது.

செம்பி புங்கமரத்தடியில் நின்று கத்தியது. "காட்டிக்கொடுக்கும்னு சொன்னியேடா பாவி! யாரை யாருக்குன்னு நான் கேக்காம விட்டேனே!"

மைனா கிளையை விட்டு இறங்கவில்லை. "நீங்கதானே அக்கா சரின்னு சொன்னீங்க?"

செம்பி வாய்க்காலுக்கு ஓடியது. நண்டு, "நான் அப்பவே சொன்னேன்" என்று ஆரம்பித்தது.

"சொன்னீங்க. சொன்ன கையோட உங்க சரக்கை நீட்டாம இருந்திருந்தா நம்பியிருப்பேன் அண்ணே."

"நடந்தது போகட்டும். இதோ புதுசு. கெட்டி அதே கெட்டிதான். இப்போ புத்தியும் சேர்ந்திருக்கு" என்று நண்டு ஒரு போனைக் கையில் கொடுத்தது.

செம்பி அதைத் திறந்தது. "குஞ்சுகளை எங்கே ஒளித்து வைப்பீர்கள்?" என்று அது பணிவாகக் கேட்டது. அச்சு அசல் மைனா போனின் குரல்.

செம்பி நண்டைப் பார்த்தது. நண்டு அதன் முகத்துக்கு நேரே நிற்கமுடியாமல் பக்கவாட்டில் நழுவி வளைக்குள் போய்விட்டது. அதன் நடை இன்றுவரை திருந்தவில்லை.

இரண்டு போனையும் வாய்க்காலில் போட்டுவிட்டு, மிச்சக் குஞ்சுகளோடு செம்பி வீடு திரும்பியது. யாரையும் எதையும் கேட்காமல் தன் கண்ணாலேயே வானத்தைப் பார்த்துக்கொண்டது. கோழி ஒரு வாய்த் தண்ணீர் குடித்துத் தலையைத் தூக்குவதைக் கண்டு, சாமிக்கு நன்றி சொல்கிறது என்பார்கள். நன்றியாவது ஒன்றாவது! ஒவ்வொரு மிடறுக்கும் அது நிமிர்ந்து பருந்தைத் தேடுவது அன்று முதல்தான்.

இவ்வளவு தெரிந்தும் நானும் போன் வாங்கினேன். வெளியூரில் வேலை பார்க்கும் மகளோடு பேச வேறு வழியில்லை. இரண்டு கடைகளில் விசாரித்தேன். இவர் விற்கும் போனை அவர் குறை சொன்னார், அவர் விற்பதை இவர் குறை சொன்னார். இரண்டு பேர் சொன்னதும் உண்மையாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தோடுதான் ஒன்றை எடுத்துவந்தேன். மகளின் எண்ணைப் போட்டதும் அது பெயர் கேட்டது. நன்றாக யோசித்து, "கேஸ் சிலிண்டர்" என்று பதிந்துவைத்தேன்.

இப்போது தினமும் சாயங்காலம் சிலிண்டர் கூப்பிடுகிறது. "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்கிறது. அவள் பெயரை நான் இங்கேயும் எழுதப்போவதில்லை.