எல்லையை முதலில் தாண்டியவள்

மலைநாடும் ஆற்றுநாடும் ஒன்றாகச் சேர்வதென்று முடிவாயிற்று. இனி ஒரே சந்தை, ஒரே நாணயம், சுங்கம் கிடையாது. இரண்டு ராஜாக்களும் எல்லைக் கதவுக்கு வந்துவிட்டார்கள். ஆனால் முதலில் தாண்டுகிறவர் பணிந்தவர் ஆகிவிடுவாரே! இருவரும் பல்லக்கைவிட்டு இறங்கவில்லை, கதவும் திறக்கவில்லை.

கதவோரக் குடிசையில் இருந்த சிலம்பாயி, காய்ச்சலில் கொதிக்கும் குழந்தையோடு வந்தாள். வைத்தியர் வீடு ஆற்றுநாட்டில்.

"ராஜாவுக்கே வழியில்லை, உனக்கென்ன அவசரம்?" என்று சீறினார் மலைநாட்டு மந்திரி. "நீ போனால் எங்கள் நாடு பணிந்தது என்பார்கள். யாருக்கும் தாழ்வு வராமல் தாண்டத் தெரிந்தால் தாண்டு!"

"நான் எந்த நாடுங்க சாமி? பிறந்தது அங்கே, வாக்கப்பட்டது இங்கே. அவர் செத்ததும் நீங்க அந்த ஊர்க்காரின்னு விரட்டினீங்க. அங்கே போனா இந்த ஊர்க்காரின்னாங்க. யாருக்கும் ஆகாதவ முதல்ல போனா யாருக்குத் தாழ்வு? அப்புறம் ரெண்டு ராஜாவும் ரெண்டாவதுதானே?"

அவளை எங்கள் ஆள் என்று சொல்ல இரு பக்கமும் ஒருவருமில்லை. கதவு திறந்தது.

அவள் தாண்டியதும் மேளம் முழங்கியது. ராஜாக்கள் கட்டிக்கொண்டார்கள். புது நாட்டின் முதல் பிரஜை, குழந்தையின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி, ஆளில்லாத பாதையில் தனியாக நடந்துகொண்டிருந்தாள்.